எந்தக் கோயில் கொடைக்கு?

கடையநல்லூர் தாண்டியதுமே காற்று முகத்தில் அறைய ஆரம்பித்துவிட்டது. ஆனி மாசம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்து மழை எட்டிப் பார்க்கிற நேரம். மழை முழுதாக வராது, சாரலும் காற்றும்தான் வரும். சின்ன வயசில் இந்தக் காற்றை எங்கள் ஊர்ச் சொத்து மாதிரி நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். சைக்கிளில் எதிர்த்து ஏறி வந்த அன்றைக்கு அதைத் திட்டாத கெட்ட வார்த்தை இல்லை. பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் வைக்கோல் ஏற்றிய கேரள லாரி ஒன்று என்னை முந்தும்போது உதிர்த்த வைக்கோலெல்லாம் என் தாடியில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் செங்கோட்டைக்குள் நுழைந்தேன்.

சென்னையில் கிளம்பி ஏழாவது நாள். கொல்லம் வரை போவதாகத் திட்டம். அந்தக் காலத்துக் கொல்லம் மெயில் போன வழியை ஒட்டியே எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். காரணத்தைக் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்: பேஸ்பால் கையுறை வாங்கப் பணம் சேர்க்கிறேன்.

வடசென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் பதினாலு பெண் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன் நான், அந்த விளையாட்டுக்குக் கடன்பட்டவன். அவர்களிடம் இருப்பது ஆறே கையுறை. களத்தில் நிற்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினால், இன்னிங்ஸ் முடிந்ததும் கையுறையைப் புல்லிலேயே போட்டுவிட்டு வருவார்கள், அடுத்த அணி எடுத்து மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் பெரிய அணிக்காரர்களும் பேட்டிங் செய்ய வரும்போது கையுறையை மைதானத்திலேயே போட்டுவிட்டுத்தான் வருவார்களாம். 1954-ல்தான் அதைத் தடுத்து விதி வந்தது. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ நாமளும் அமெரிக்கா மாதிரிதான் சார்!" அவர்கள் வசதியால் போட்டார்கள், நாம் இல்லாமையால் போடுகிறோம் என்று நான் விளக்கப் போகவில்லை.

கேட்சராக, அதாவது அடிக்கிறவளுக்குப் பின்னால் பந்து பிடிக்க நிற்கிற பிள்ளை கிரிக்கெட் ஹெல்மெட்டும் கிரிக்கெட் பேடும் கட்டிக்கொண்டு உட்காருகிறாள். அதைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒரு இடக்கைக்காரி. பதின்மூன்று வயசு. இடது கையால் எறிகிறவளுக்குக் கையுறை வலது கைக்கு வேண்டும். எங்களிடம் இருக்கிற ஆறும் இடது கைக்கானவை. அவள் அதையே மாட்டிப் பந்தைப் பிடித்து, கையுறையை உதறிக் கீழே போட்டு, பிறகு எறிவதற்குள் ஓடுகிறவள் அடுத்த பேஸில், அதாவது ஓடித் தொட வேண்டிய இடத்தில், போய் நின்று தலை கோதிக்கொண்டிருப்பாள். ஜிம் அபட் என்ற அமெரிக்கப் பந்துவீச்சாளருக்குப் பிறவியிலேயே வலது கை இல்லை. கையுறையை வலது முன்கை நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் எறிவார், எறிந்த வேகத்தில் அதே கையைக் கையுறைக்குள் நுழைத்து எதிர்வருவதைப் பிடிக்கத் தயாராகிவிடுவார். 1993-ல் நியூயார்க் யாங்கீஸுக்காக ஒரு ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்து முறையாக பேஸ் போய்ச் சேர ஒரு அடிகூட, கொடுக்காமல் வீசினார். இந்தக் கதையை அவளிடம் உருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்கு அவர் கைக்கு ஏத்த கிளவுஸ் இருந்துச்சுல்ல சார்?" என்றாள். அன்றைக்கு ராத்திரிதான் சைக்கிள் யோசனை வந்தது.

அதற்கு முன் ஒரு கம்பெனி எல்லாக் கையுறையும் தருவதாகச் சொல்லி நாலு மாசம் இழுத்தடித்தது. கடைசியில் போனை எடுப்பதே இல்லை. அது போகட்டும்.

சைக்கிள் முன்பக்கம் ஒரு ஊறுகாய் ஜாடி கட்டியிருந்தேன். பிளாஸ்டிக், அஞ்சு கிலோ ஜாடி. மேலே ஒட்டிய தாளில் விவரமும், ஜீபேவுக்குக் கட்டமும். விழுப்புரத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் கூச்சமே இல்லாமல் ஜாடியை நீட்டினேன். ராஜபாளையத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் டீக்குக் காசு வாங்காமல் மேலே ஐம்பது போட்டார். தெரியாதவர்களிடம் கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. செங்கோட்டை நுழைவு வளைவு கண்ணில் பட்டதும், திருவிதாங்கூர்ச் சங்கு மேலே இருக்கிற அந்த வளைவுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, ஜாடியை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. காற்றில் ஆடுகிறது, விழுந்துவிடும் என்று ஒரு சமாதானம்.

அம்மாவைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் கேரள எல்லையில் இருக்கிற புளியரை மலைப்பாதையில் ஏறிவிடுவது என்பது கணக்கு.

"எய்யா, என்னய்யா இப்படிக் கருகிட்ட" என்றாள் அம்மா. தாடியில் இருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்கிற நிலையில் நான் இல்லை என்பதை ஒரு வாரம் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நின்றபடியே உளுந்தங்களி சாப்பிட்டேன், நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டு. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கிண்டிக் கொடுப்பது அது. "இடுப்புக்குத்தானே. ஒனக்கும் இடுப்பு இருக்குல்லா" என்றாள்.

எதற்கு இந்தப் பயணம் என்று போனில் முன்பே சொல்லியிருந்தேன், ஆனால் பணம் திரட்டுகிற பகுதியை மென்று விழுங்கியிருந்தேன். பையில் கைக்குட்டை தேடியவள் ஜாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே நோட்டும் சில்லறையும். தாளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ரோட்டுல நின்னு காசு கேட்டியா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஒங்கப்பா ஆயுசுல யார்கிட்டயும் கை நீட்டலைய்யா." அப்பா செங்கோட்டை ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். உண்மைதான், மாசக் கடைசியில்கூடக் கடன் வாங்க மாட்டார். அம்மா ஜாடியைத் தூக்கி அடுப்பங்கரைப் பரணில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். யாராவது வந்தால் பார்த்துவிடுவார்களாம்.

கிளம்பலாம் என்று சைக்கிளைத் திருப்பினால் பின்சக்கரம் பிரேக் கட்டையில் உரசியது. இரண்டு போக்ஸ் கம்பி முறிந்து, சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. தெருமுனை சைக்கிள் கடை அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றிச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பெண்டு எடுத்துரலாம். கம்பிதான் இந்த அளவு நம்மகிட்ட இல்ல. தென்காசியில இருந்து காலையில வரும். என்ன அவசரம், மலை எங்கயும் ஓடிராது."

ஆக, ராத்திரித் தங்கல் உறுதியானது. சாயங்காலம் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. பிரானூர் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அந்த வட்டாரம் முழுக்க அறுவை மில்லும் மரக்கடையும்தான், ரோட்டில் நடந்தாலே மரத்தூள் வாசம் வரும். மாமா கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடிக்கு உருளை எல்லாம் கடைவார். என் பையில் இருந்த பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இதுல நூத்தியெட்டுத் தையல் மாமா" என்றேன். "ஆம்புலன்ஸ் நம்பரா?" என்று சிரித்துவிட்டு, நம்பாமல் பெருவிரலால் எண்ண ஆரம்பித்தார். அறுபதில் அம்மா காபி கொண்டுவந்து கணக்கைக் கெடுத்தாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். நூற்றெட்டு வந்ததும்தான் என் விளையாட்டின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

"பேட்டு எப்படி இருக்கும்?"

"உலக்கைக்குத் தங்கச்சின்னு வச்சுக்கோங்க. ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் தடி."

"அளவு சொல்லு."

பிள்ளைகளுக்கு நீளம் முப்பத்தோரு இஞ்சு போதும். தடிமன், பெரிய ஆட்டங்களின் விதிப்படி எங்கேயும் 2.61 இஞ்சைத் தாண்டக் கூடாது. மாமாவுக்குத் தசமம் பிடிக்காது, தச்சுக் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு இஞ்சு அஞ்சு நூலு. அதுலயும் ஒரு முடி கம்மி." பிறகு நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது, ஒரு முடி கம்மி.

பட்டறைக்குப் போனோம். அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் நாலைந்து பேரும் பின்னாலேயே வந்தார்கள். அமெரிக்காவில் ஆஷ், மேப்பிள் மரங்களில் கடைகிறார்கள் என்றேன். அதெல்லாம் இங்கே ஏது? மாமா மூலையில் சாத்தியிருந்த கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். புளி கனக்கும் என்று தள்ளினார். ரப்பர் மரத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பூவரசு. "வண்டிச் சக்கரத்துக்குப் போட்ட மரம்லா. அடி வாங்கும், பிளக்காது." கட்டையின் தலைப்பை நாக்கால் ஈரப்படுத்தி, ரேகை எப்படி ஓடுகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கணு இருந்த பக்கத்தை அறுத்துத் தள்ளினார்.

மெஷினில் இரண்டு முனைக்கும் நடுவே கட்டையைப் பூட்டி ஓடவிட்டதும் முதலில் தடதடவென்று ஒரு அதிர்வு. நாலு மூலைக் கட்டை சுற்றுகிறபோது வருகிற சத்தம் அது. உளி மேலே படப்பட மூலைகள் கரைந்து, சத்தம் மெல்ல மெல்ல ஒரே சீரான ரீங்காரமாக மாறியது. கட்டை உருண்டையானதை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காது சொல்லிவிட்டது. சுருள் சுருளாகச் சீவல் மாமாவின் முழங்கை முடியில் ஒட்டிக்கொண்டது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, காலிப்பரை வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி ஓட்டுவார். பிடியின் அடியில் கை வழுக்காமல் இருக்க ஒரு குமிழ் வேண்டும் என்றேன். கட்டில் காலுக்கு அடியில் போடுகிற குமிழையே போட்டுவிட்டார், இதற்கும் அழகாகத்தான் இருந்தது.

எடை போட்டால் ஒரு கிலோவுக்கு மேல். பிள்ளைகளுக்கு அது உலக்கையேதான். பிடியை இன்னும் இழைக்கச் சொன்னேன். "பிடியில கை வச்சா அங்கனதான் ஒடியும்" என்று மறுத்துவிட்டு, தடித்த நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு குழி கடைந்தார். "இங்க இருக்க மரத்தால ஒனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. கனம்தான்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய ஆட்டக்காரர்களின் மட்டைகளிலும் நுனியில் இதே குழி உண்டு, இதே காரணத்துக்குத்தான். இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு பேஸ்பால் மட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தபோது தொள்ளாயிரம் கிராம் காட்டியது.

அப்புறம் அதைச் சோதிக்காமல் விட முடியுமா? பட்டறைக்குப் பின்னால் பொட்டல். வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. பையன்கள் கையுறையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கை இருக்கும்போது இது எதுக்கு மாமா?" கிரிக்கெட் பந்து நூற்றைம்பத்தாறு கிராமுக்குக் குறையாது, இது நூற்றைம்பதைத் தொடாது. "லேசாத்தான் இருக்கு" என்றான் ஒருவன். ஒரே ஒரு பந்தைக் கொஞ்சம் இழுத்து எறிந்தேன். வெறுங்கையில் வாங்கியவன் கையை உதறிக்கொண்டே போய்க் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அடிக்க நின்றவன் மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். தோளுக்கு மேலே தூக்கு என்றேன். "எல்லாமே ஃபுல்டாஸ்தானா? இது என்ன ஆட்டம், சிக்ஸாப் பறக்கவிட்டுரலாமே" என்றான். மூன்று எறிந்தேன். மூன்றும் காற்றில். தட்டை மட்டை பழகியவனுக்கு உருண்டை மட்டையில் பந்து படுவது அவ்வளவு லேசில்லை. "மூணு தப்புனா அவுட்டா? அநியாயம்!" இன்னொருவன் பந்தைப் பின்பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினான். பின்னால் போனால் செல்லாது என்றதும் பெரிய சண்டை. கடைசியில் அக்கா மகன் ஒன்றை நடு மட்டையில் வாங்கினான். டொக் என்று ஒரு சத்தம். பந்து பக்கத்து வயலில் நாற்றங்காலுக்குள் போய் விழுந்தது. எல்லாரும் பந்தைப் பார்த்து ஓட, மாமா மட்டையை வாங்கி விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. பந்து அடித்த இடத்தில் தையலின் தடம் மட்டும் லேசாக, இரண்டு பிறை மாதிரி.

காசு எவ்வளவு என்று கேட்டேன். "போலே, காசாம்" என்றார்.

ராத்திரி அம்மா ஆட்டத்தை விளக்கச் சொன்னாள். விரலால் பாயில் வரைந்து காட்டினேன்: இங்கே நின்று அடிக்கணும், அடித்துவிட்டு இப்படியே ஒன்று, இரண்டு, மூன்று, திரும்ப இங்கேயே வந்தால் ஒரு ரன். அம்மா யோசித்தாள். "பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வாறதுக்கு எதுக்குய்யா ஓடணும்? அங்கனயே நிக்க வேண்டியதுதானே." பதில் சொல்லத் தெரியவில்லை. எதிர் வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ஜாடியில காசு வச்சிருந்தானாம்லா, ஒம்பேரன் சொன்னான். எந்தக் கோயில் கொடைக்கு?" என்று கேட்டாள். கொடை என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா. அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

காலையில் அண்ணாச்சி சக்கரத்தைப் பூட்டிக் கொடுத்தபோது மணி எட்டு. மட்டையைக் கேரியரில் குடை மாதிரி நெடுக்கக் கட்டினேன். அம்மா ஒரு வேட்டியை மடித்துப் பைக்குள் திணித்தாள். ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் கட்டிய பை அது, வேட்டி எதற்கு என்று சண்டை போட்டேன். "இருக்கட்டும்" என்றாள். வேட்டிதான் ஜெயித்தது.

புளியரை செக்போஸ்டில் நிறுத்தினார்கள். "என்ன சார் கட்டை?" கழற்றிக் காட்டி, பேஸ்பால், சென்னைப் பிள்ளைகள், கையுறை என்று மூச்சு விடாமல் சொன்னேன். வேறொரு போலீஸ்காரர் மட்டையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்போ டொனேஷன் எதுல போடணும்?" என்றார். ஜாடியைத் தேடிக் கை நீட்டினேன். ஜாடி இல்லை. பரணில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

போன் போட்டேன். அரை மணி நேரத்தில் அக்கா மகன் டி.வி.எஸ்.ஸில் வந்தான், ஜாடியை முன்னால் கால் நடுவில் இடுக்கிக்கொண்டு. கையில் வாங்கியபோதே கனம் வித்தியாசமாக இருந்தது. மேலாக நூற்றியொன்றும் ஐநூற்றியொன்றுமாக நோட்டும் ஒத்தை ரூபாயும். நான் ஒட்டிய தாளைக் காணோம்.

"ஆச்சி விடியக்காலம் நாலஞ்சு வீட்டுக்குப் போய்ட்டு வந்துச்சு மாமா. தாளைக் கிழிச்சுட்டுதான் போச்சு."

"என்ன சொல்லிக் கேட்டாங்க?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொடைக்குன்னு" என்றான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பொய் சொல்லியா வாங்கினாய் என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "சாமிக்குன்னா கை நீட்டலாம்யா, அதுல கௌரவக் கொறச்சல் இல்ல. எதுத்த வீட்டு அத்தை திருநீறு கேட்டிருக்கா. போற வழியில ஆரியங்காவுல அய்யனைக் கும்பிட்டுட்டு, அஞ்சாறு வீட்டுக்குப் பிரசாதம் வாங்கிரு. இல்லன்னா சொன்னது பொய்யாப் போயிரும். வேட்டி பைக்குள்ள இருக்குல்லா?"

எஸ் வளைவில் லாரிகளுக்கு நடுவே மூச்சிரைக்க ஏறி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு போனபோது சாரல் பிடித்துக்கொண்டது. கோயில் ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போக வேண்டும். சைக்கிள் ஓட்டுகிற இறுக்கமான அரை டிராயருக்கு மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றி, கவுண்டரில் நின்றேன். உள்ளே இருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு மலையாளத்தில் பேரும் நாளும் கேட்டார். நாள் என்றால் அங்கே நட்சத்திரம். அம்மா பேரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, இடக்கைக்காரியின் பேரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாது. அவள் அம்மா போனுக்கு அவசரமாக ஒரு செய்தி தட்டினேன்: பாப்பாவோட ஸ்டார் என்ன?

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கவுண்டர்காரர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பதில் பிள்ளையே அனுப்பியிருந்தாள்: "தோனி சார்."

உத்திரம் என்று எழுதச் சொன்னேன். ஐயப்பனுடைய நட்சத்திரம், அவருக்கு ஆட்சேபணை இருக்காது.